சீஸன் முடிஞ்சப்புறம் போங்க!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ரோடு பிடித்தால், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்தான் எங்கள் வேங்கிக்கால். பௌர்ணமி வந்துவிட்டால் எங்களால் வீட்டை விட்டு வெளியே தலை காட்ட முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். கார்த்திகை தீபத்துக்கோ கேட்கவே வேண்டாம். நமக்கு இத்தனை உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்! ஆகவே, சொர்க்கம் எப்படி இருக்கும் என்று எங்க ஊர்க்காரனைக் கேட்டால், 'கூட்டம் இருக்காது' என்பான்.

வேங்கிக்கால் ஏரிக்கரையில் காலை வாக்கிங் போகும் ரிடையர்டு கோஷ்டி ஒன்று உண்டு. ஐந்து ஜோடிகள். வருஷத்துக்கு ஒரு தரம் வேன் பிடித்து எங்காவது கிளம்புவோம். போன வருஷம் எங்கள் கோஷ்டியில் ஒருவரின் மகன் கிரீஸ் நாட்டிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தான். அங்கே பத்துப் பன்னிரண்டு பாய்மரப் படகுகள் கூட்டாகக் கிளம்பித் தீவு தீவாகப் போகுமாம். கோடைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அக்டோபரில் போவதுதான் சுகமாம்.

"நாமும் இப்படிப் போகலாமே!" என்றேன்.

"நம்மகிட்ட பாய் இருக்கு, தோட்டத்துல மரம் இருக்கு. படகுதான் இல்லை" என்றாள் என் மனைவி.

படகு இருக்கிற இடமாகப் பிச்சாவரத்தை முடிவு செய்தோம். குளிர்காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்களின் கூட்டம் ஓய்ந்ததும், மார்ச்சில் போவதாக ஏற்பாடு. இதற்கு நடுவே ஐப்பசியில் வாத்தியாரின் மனைவி காலமாகிவிட்டார். எங்கள் எல்லாருக்கும் அவர் 'டீச்சரம்மா'. ஒவ்வொரு பயணத்துக்கும் தூக்கு நிறையப் புளியோதரை கொண்டு வருவது அவர்தான். அதன் பிறகு வாத்தியார் ஏரிக்கரைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். பயணத்தையும் ரத்து செய்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் அவரே போன் செய்தார். "டிக்கெட் எத்தனைன்னு கணக்கு போட்டீங்களா?" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

கிளம்புகிற அன்று சாயங்காலம் வேனில் தலைகளை எண்ணினேன். கருவூலத்தில் குப்பை கொட்டியவன். எண்ணாமல் இருக்க வராது. "ஒன்பது... இன்னும் ஒருத்தர் வரணுமே!" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். யாரும் பேசவில்லை. என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

விழுப்புரம், பண்ருட்டி, கடலூர் வழியாகச் சிதம்பரம். ராத்திரி அங்கே தங்கிவிட்டு, விடிந்ததும் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ச் சேர்ந்தோம். படகுத் துறையில் எங்களைத் தவிர இரண்டே குடும்பங்கள். மோட்டார் படகும் இருக்கிறது. தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். துடுப்புப் படகுதான் அழகு. இரண்டு படகுகளில் பிரிந்து உட்கார்ந்தோம். கிரீஸில் பன்னிரண்டு என்றால் வேங்கிக்காலுக்கு இரண்டு!

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1100 ஹெக்டேர் காடு. மரங்கள் நிற்பதே தண்ணீரில்தான். 'இதயக்கனி' (1975) படத்துக்காக எம்.ஜி.ஆர். வந்துபோன இடம் என்பதைப் படகுக்காரர் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். சீஸனாக இருந்தால் அத்தோடு திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருப்பாரோ என்னவோ! இன்றைக்கு அவருக்கு அவசரமில்லை. "எல்லாரும் குனிங்க" என்றபடி ஓர் ஒற்றையடி வாய்க்காலுக்குள் படகைச் செருகினார்.

உள்ளே போனதும் பேச்சு தானாக நின்றது. இரண்டு பக்கமும் கிளைகள் பின்னிக்கொண்டு பந்தல் போட்டிருந்தன. துடுப்புச் சத்தம். எங்கோ ஒரு மீன்கொத்தி. முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நானும் என் மனைவியும் பத்து நிமிஷம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

படகுக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிறது. முற்றியதும் ஈட்டி போலச் சேற்றில் விழுந்து வேர் பிடிக்கும். நம்ம ஊர் அப்பா அம்மா மாதிரி, பிள்ளை ஆளாகும் வரை கையை விட்டு இறக்காத மரம்! தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இதனால்தான். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதையும் சொன்னார்.

ஒரு திருப்பத்தில் படகை நிறுத்திச் சாப்பாட்டுப் பையைப் பிரித்தோம். வாத்தியார் ஒரு தூக்கை நீட்டினார். புளியோதரை! டீச்சரம்மாவின் சமையல் நோட்டைப் பார்த்து அவரே கிளறியதாம். வாயில் வைத்தால்... உப்பு! கடல் தண்ணீரே தேவலை. யாரும் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி விழுங்கினோம்.

அந்த நேரம் பார்த்து படகுக்காரர் வெண்கண்டல் மரத்தின் இலை ஒன்றைப் பறித்து, "நாக்கில வச்சுப் பாருங்கய்யா" என்று வாத்தியாரிடம் கொடுத்தார். கரித்தது. வேர் உறிஞ்சுகிற உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம்.

வாத்தியார் இலையைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். "இந்தப் புளியோதரையை இந்த மரத்துக்கிட்ட கொடுத்திருக்கணும்!" என்றார். ஐப்பசிக்கப்புறம் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். பக்கத்துப் படகு ஆடுகிற அளவுக்கு எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் பறவை பார்த்தோம்.

திரும்பும்போது இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். முன்காலத்தில் இங்கே மரங்களை மொத்தமாக வெட்டியதில் தரை உள்வாங்கி, அலைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, உப்பேறிப்போய் எதுவுமே முளைக்காத இடங்கள் உண்டாகிவிட்டன. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும், ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் காடு மறுபடி தழைத்தது.

"ஆக, உப்பு தேங்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

நீங்களும் போங்கள். ஏற்றத் தண்ணீர் இருக்கிற நேரமாகக் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். வற்றினால் குறுகலான வாய்க்கால்களில் படகு நுழையாது. தொப்பி, குடிதண்ணீர் அவசியம். முக்கியமாக, சீஸன் முடிந்த பிறகு போங்கள்.

திரும்ப வேனில் ஏறியதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டிலிருந்து வாத்தியார் எழுந்து, ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார்.

"ஒன்பது. சரியா இருக்கு. வண்டியை எடுப்பா!"