மணி

2005இல் நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், நம்ம ராஜபாளையம். அஞ்சலகத்தில் அதை விற்றுக்கொண்டிருந்த நாளிலேயே, ரிட்டயர் ஆனதும் ஒன்று வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையம் அடுத்த ஊர். இதிலென்ன கஷ்டம்?

குட்டி வாங்கப் போனபோது, விவரம் தெரிந்த நண்பர்கள் சொல்லி அனுப்பினார்கள்: "உடம்பில ஒரு புள்ளி இருக்கக் கூடாது. மூக்கு ரோஸா இருக்கணும். அதுதான் சுத்தமான ஜாதி." அப்படியே பார்த்து, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தேன். மணி என்று பெயர் வைத்தோம்.

கூப்பிட்டால் திரும்பாது. "ராஜபாளையம் பிடிவாதம் பிடிச்ச நாய், அப்படித்தான் இருக்கும்" என்றேன். தீபாவளி வந்தது. சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெருவில் வெடிக்குக் குறைவே கிடையாது. தெரு நாயெல்லாம் கட்டிலுக்கடியிலும் சாக்கடைப் பாலத்துக்கடியிலும் ஒளிய, மணி மட்டும் திண்ணையில் குறட்டை விட்டுத் தூங்கியது. என் மனைவிதான் முதலில் சொன்னாள்: "என்னங்க, இதுக்குக் காது கேக்கல."

கால்நடை மருத்துவர் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு பழுதாகிவிடும். மருந்து கிடையாது. வெள்ளைக் குட்டி எல்லாமே செவிடாகிவிடாது. ஆனால் அந்த நிறமின்மையைத் தேடித் தேடி இணை சேர்க்கும்போது ஆபத்து கூடுகிறது. நான் அதிக விலை கொடுத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

விற்றவருக்குப் போன் செய்தேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கொண்டு வாங்க சார், வேற குட்டி தர்றேன்."

"இதை என்ன செய்வீங்க?"

"அதெல்லாம் ஏன் சார் கேக்கீங்க?"

மறுநாள் காலை காரில் ஏற்ற மணியைத் தூக்கியும் விட்டேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. என் மனைவி வாசலில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் தயிர்ச்சோற்றைப் பிசைந்து கீழே வைத்தாள். இறக்கிவிட்டேன்.

ஆறு வருஷம் ஆகிறது. கையை உயர்த்தினால் உட்காரும், இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அடித்தால் வரும். தூங்கும்போது தொட்டு எழுப்ப மாட்டோம், திடுக்கிட்டுக் கடித்துவிடும்; தரையைக் காலால் தட்டுவோம், அதிர்வு தெரிந்து விழித்துக்கொள்ளும். லாரி ஹாரன் கேட்காது என்பதால் கயிறில்லாமல் தெருவுக்கு விடுவதில்லை. ஓடப் பிறந்த நாய். அதற்காகவே நண்பர் ஒருவரின் வேலி போட்ட தென்னந்தோப்புக்குக் காலையில் கூட்டிப் போகிறேன். வெள்ளை உடம்பு வெயில் தாங்காது, எட்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கிறோம், அது எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரிய. குட்டி போடும் கேள்விக்கே இடமில்லாமல் கருத்தடையும் செய்தாயிற்று.

காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற இனம், காவலுக்கு வாங்கினோம். ராத்திரி கேட் திறந்தால் நான்தான் எழுந்து பார்க்கிறேன். மணி தூங்குகிறது.

ராஜபாளையம் குட்டி வாங்க யோசனை கேட்டு இப்போது என்னிடமும் சிலர் வருகிறார்கள். மூக்கைப் பார்க்காதீர்கள் என்கிறேன். குட்டிக்குப் பின்னால், அது பார்க்காதபடி நின்று கையைத் தட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது, ஆனாலும் தட்டுங்கள். தாய் தகப்பனுக்குக் காது கேட்குமா என்று கேளுங்கள். ரோஸ் மூக்கு வேண்டும் என்று நாம் கேட்பதால்தான் அவர்கள் அதையே உற்பத்தி செய்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்குக் கூடுதல் பணத்தை எண்ணிக் கொடுத்தது என் கைதான்.