பாதி பதில்

லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்டோக் பார்க் மாளிகை. 1964-இல் வெளிவந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் கோல்ஃப் காட்சியை எடுத்த இடம். வாசலைப் பார்த்ததும் அப்பா ஞாபகம்.

அந்தக் காட்சி வந்தால் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார்: “என்ன காருமா?”

“ரோல்ஸ்-ராய்ஸ்.”

“பாதிதான் சரி.”

அப்பா லோரி ஓட்டியவர். லோரிக்குத் தனியாகப் பாடி கட்டுவதுபோல், அன்று ரோல்ஸ்-ராய்ஸும் இன்ஜினோடு அடிச்சட்டத்தை மட்டுமே தரும். பாடி கட்டுவது வேறு பட்டறை. ஓட்டுநர் தலைக்கு மேல் திறக்கும் கூரை, பின்னால் மூடிய அறை என்றால் ‘செடான்கா டி வில்’. நம்பர் பிளேட்டில் ‘ஏயு 1’. ஏயு என்பது தங்கத்தின் வேதியியல் குறியீடு.

அப்பா இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. வாசலில் நின்று மெல்லச் சொன்னேன்: “1937 ஃபேன்டம் 3. பாடி கட்டியது பார்க்கர்.”

இப்போது முழுசும் சரிதானேப்பா?