காக்கையைப் பாடியவள் பெயர்

2011ஆம் ஆண்டு எமக்குப் பெண் மகவு ஒன்று பிறந்தது. பிள்ளையையும் தாயையும் வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே பெயர்ப் பேச்சுத் தொடங்கிவிட்டது. முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு. அதற்கு முன்னர்ப் பெயர் முடிவாகவேண்டும். பிறப்பை 42 நாளுக்குள் பதியவும் வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தவாறு பெயர் தேடினர் என்றால் அது மிகையன்று.

மாமியாருக்குத் தம் தாயாரின் பெயர் நிலைக்கவேண்டுமென்ற ஆசை. எம் தாயாருக்கு முருகன் தந்த பிள்ளை வள்ளியாக இருக்கவேண்டும். கனடாவிலிருக்கும் மைத்துனரோ இரவுதோறும் தொலைபேசியில் வந்தார். எண் சாத்திரப்படி பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்புக் கொடுத்துக் கூட்டவேண்டுமாம். கூட்டுத்தொகை ஐந்தாக வந்தால் மிக நன்றாம். தமிழ்ப் பிள்ளையின் விதி ஆங்கில எழுத்துக்கூட்டலில் தங்கியிருப்பதன் நியாயத்தை நாம் கேட்டோம். அவர் கேள்வியைக் காதில் வாங்காமல், ஷகரமும் க்ஷகரமும் விரவிய நான்கைந்து பெயர்களைச் சொல்லி முடித்தார்.

சாத்திரியார் சாதகம் கணித்து, பிள்ளை அனுட நட்சத்திரம் என்றார். அனுடத்துக்குரிய எழுத்துகள் ந, நி, நு, நே. இங்கே ஓர் இடைச்செருகல். நட்சத்திரங்களுக்குரிய இவ்வெழுத்து வரிசை தமிழ் நெடுங்கணக்கைப் பார்த்து வகுத்ததன்று. அதனாலேதான் ஆயிலியத்திற் பிறந்த பிள்ளைகளுக்கு டி, டு, டே, டோ என்பன வாய்க்கின்றன. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராதென்று நன்னூலைக் காட்டிப் படிப்பிக்கும் நாமே, அந்தப் பாடத்தைத் தொடங்குமுன் இடாப்பைத் திறந்து டகரத்தில் தொடங்கும் பெயர்கள் ஏழெட்டை வாசிக்கிறோம். பிள்ளைகளும் சிரியாமல் விடை சொல்கிறார்கள். நன்னூலார் பாவம்.

அனுடம் என்று கேட்டதும் எமக்கு உள்ளூர மகிழ்ச்சி பொங்கியது. காரணத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் பதிற்றுப்பத்துப் படித்த காலத்திலேயே, மணம் முடிக்கு முன்னரே, மகளொருத்தி பிறந்தால் அவளுக்கு இன்ன பெயர்தான் என்று நாம் தீர்மானித்து வைத்திருந்தோம். இப்போது சாத்திரமும் எம் பக்கம் சேர்ந்துகொண்டது. பெயர், நச்செள்ளை.

பதிற்றுப்பத்தில் இன்று கிடைப்பன எட்டுப் பத்துகள். அவற்றைப் பாடிய எண்மருள் பெண் ஒருவரே. அவர்தாம் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார். பாட்டுடைத் தலைவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். செள்ளை என்பதே பெயர். முன்னே நிற்கும் நகரம், நக்கீரர், நப்பூதனார் என்பவற்றிற்போலச் சிறப்புக் குறித்து வந்தது. சேரர் குடியிலும் அந்துவஞ்செள்ளை என்று ஓர் அரசி இருந்தாள். ஆகையால் புலவரும் அரசியும் தாங்கிய பெயர் இது. குறுந்தொகையில், பிரிந்த தலைவன் வருவானென்று முன்கூட்டிக் கரைந்த காக்கைக்கு எத்துணை பலி இட்டாலும் தகும் என்று ஒரு தோழி பேசுவதாக இவர் பாடியிருக்கிறார். அதனாலேயே காக்கைபாடினியார் ஆனார். எங்கள் வேலியிலும் காகம் கரைந்தால் விருந்து வருகுதென்று உலையில் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவார்கள்.

இதனையெல்லாம் நாம் விறாந்தையில் இருந்து விளக்கினோம். விளக்கியது பிழையாயிற்று.

"என்ன தம்பி, காகத்தின்ரை பேரையோ பிள்ளைக்கு வைக்கப்போறியள்? அதுவும் சனி தசையிலை பிறந்த பிள்ளைக்கு!" என்றார் மாமியார்.

அனுடத்துக்கு அதிபதி சனி. சனிக்கு வாகனம் காகம். மாமியாரின் தருக்கத்தில் ஓட்டை காண்பது எளிதன்று. காக்கை அடைமொழியில் வந்தது, பெயரில் இல்லை என்றோம், எடுபடவில்லை. பின்னர், ஆறாம் பத்தைப் பாடியதற்காகச் சேரன் அவருக்கு நகை செய்து அணியவென்று ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தானென்று சொன்னோம். மாமியார் சற்று நேரம் பேசாமல் இருந்து, "ஒன்பது கா எண்டால் எத்தினை பவுண் வரும்?" என்று வினவினார். எதிர்ப்பு ஒரு படி இறங்கியது அப்பொழுதுதான்.

மனைவியாரின் எதிர்ப்பு வேறு வகையானது. எல்லோரும் உறங்கியபின், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அவர் மெல்லச் சொன்னார்: "இஞ்சாருங்கோ, பேர் உங்களுக்கு வடிவாத்தான் இருக்கு. ஆனால் பள்ளிக்கூடத்திலை அதைச் சுமக்கப்போறது அவள்."

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. 2004ஆம் ஆண்டு, நாம் ஆசிரியத் தொழிலில் இறங்கிய முதல் ஆண்டில், எம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஷகர ஷினிகளும் ஷனாக்களும் நிறைந்த இடாப்பிலே அவள் பெயர் மட்டும் பழங்காலத்துப் பெயர். பூட்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்பெயரை இங்கே எழுதி அவளை மறுபடியும் வகுப்பின் முன்னே நிறுத்த எமக்கு மனமில்லை. முதல் நாள் இடாப்பு வாசித்தபோது அந்தப் பெயரில் நிறுத்தி, "அப்பாச்சியை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நீ வீட்டில் நின்றுவிட்டாயோ?" என்று கேட்டோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. புது ஆசிரியரைப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டதென்று நாமும் மகிழ்ந்தோம். அன்று தொட்டுப் பள்ளியை விட்டு நீங்கும்வரை அவளுக்கு 'அப்பாச்சி' என்பதே பட்டமாயிற்று. இடாப்பு வாசிக்கும்போது அவள் வாய் திறந்து விடை சொன்னதே இல்லை. கையை மட்டும் உயர்த்துவாள். அந்தக் கையின் பொருள் எமக்கு விளங்க ஈராண்டு சென்றது. அப்போது அவள் பள்ளியில் இல்லை.

மறுநாள் இதனை மனைவியாரிடம் சொன்னோம். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. பெயரைக் கைவிடலாம் என்று சொல்வதற்கே நாம் பேச்சைத் தொடங்கினோம்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளையின்ரை பேரிலை பிழையில்லை. நீங்கள்தான் பிழை" என்றார்.

அதற்கு நாம் என்ன சொல்வது? சிறிது பொறுத்து, அவரே பெயருக்கும் இசைந்தார். ஆனால் ஒரு கட்டுப்பாடு விதித்தார். இந்தப் பெயர் வேண்டாமென்று பிள்ளை எந்த நாளிற் சொல்கிறாளோ அன்றே, தமிழையும் சேரனையும் இழுக்காமல், மாற்றிக்கொடுக்க வேண்டும். நாம் பிள்ளையின் தொட்டிலைத் தொட்டு உடன்பட்டோம்.

முப்பத்தொராம் நாள் காதில் பெயர் சொல்லப்பட்டது. பதிவின்போது எழுதுவினைஞர் ஒருவர் முதலில் 'நட்செல்லை' என்று எழுதினார்; வெட்டித் திருத்தி வேறு தாளில் எழுதவேண்டியதாயிற்று. தடுப்பூசி போடும் இடத்தில் பெயரைக் கூப்பிடாமல், "அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளை" என்றார்கள். இவை சிறியன. மைத்துனர் கூட்டிப் பார்த்து, தொகை எட்டு வருகிறதென்று கவலை தெரிவித்தார், எட்டும் சனிக்குரியதாம். இதை மாமியாருக்குச் சொல்லவேண்டாமென்று கேட்டுக்கொண்டோம்.

மனைவியார் அஞ்சிய நாள் 2019இல் வந்தது. மகள் அப்போது மூன்றாந் தரம். பள்ளியால் வந்தவள் புத்தகப் பையைக் கழற்றாமல் வாசற்படியில் இருந்து அழுதாள். 'எள்ளுப்பாகு, எள்ளுப்பாகு' என்று பிள்ளைகள் பட்டந்தெளித்தார்களாம். ஒரு வாரமாக நடந்திருக்கிறது. அன்றுதான் அழுகை வந்திருக்கிறது. மனைவியார் எம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாம் கொடுத்த வாக்கை மகளிடம் அப்படியே சொன்னோம். விரும்பிய பெயரை நீயே தெரிவு செய், மாற்றித் தருகிறோம் என்றோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆர் அந்த நச்செள்ளை?" என்று கேட்டாள். தமிழையும் சேரனையும் இழுப்பதில்லை என்பது உடன்படிக்கை. ஆகவே, "காகத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டின ஓர் அம்மா" என்று மட்டும் சொன்னோம்.

"அவவைப் பள்ளிக்கூடத்திலை பகிடி பண்ணினவையோ?"

ஆராய்ச்சியாளர் எவரும் எழுப்பாத வினா. "பண்ணியிருப்பினம்" என்றார் மனைவியார், குசினியிலிருந்து.

யோசித்துச் சொல்வதாக மகள் கூறினாள். பெயர் மாற்றத்துக்குரிய படிவத்தை மறுநாளே வாங்கிவந்து மேசை லாச்சியில் வைத்தோம். கேட்டு நெருக்குவதில்லை என்று எமக்குள் முடிவு. அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. புத்தாண்டுக்குப் புதுக் கொப்பிகளுக்கு உறை போடும்போதெல்லாம், மேலே என்ன பெயர் எழுதுகிறாள் என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பார்ப்போம். எழுதுவாள், மூடிவைப்பாள், எமக்கு முகம் காட்டமாட்டாள்.

2022இல் அவள் ஆறாந் தரத்துக்குப் புதிய பள்ளி சென்றாள். ஒரு சனிக்கிழமை காலை, துவிச்சக்கரவண்டியில் வந்த இரு பெண்பிள்ளைகள் படலையடியில் நின்று மணி அடித்து, "செள்ளை! செள்ளை!" என்று கூப்பிட்டார்கள். எம் மகள் "ஓம், வாறன்!" என்று உரக்கக் குரல் கொடுத்தவாறு, செருப்பைக் கையிலே தூக்கிக்கொண்டு ஓடினாள். மூவரும் ஒழுங்கையில் மறையும்வரை நாம் எழுந்து நின்று பார்த்தோம்.

நகரம் கழன்றுவிட்டது, உள்ளிருந்த பெயர் மட்டும் நின்றது. பிள்ளைகள் தம்பாட்டில் பழைய பெயருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மனைவியாரிடம் சொல்ல வாயெடுத்தோம்.

"அவளிட்டை இதைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் அவர். "பிறகு அதையும் விளங்கப்படுத்தத் தொடங்கிடுவியள்."

சொல்லவில்லை. படிவம் இன்னும் லாச்சியில் இருக்கிறது.