கார்ட் பழுதில்லை, பெயர்தான் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைகளில் பழைய கொம்பியூட்டர்களோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களுக்குப் பிரயோசனப்படலாம் என்பதால், ஐசிடி படிப்பிக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம்.

எங்கள் கணினி அறையில் ஒன்பது கொம்பியூட்டர்கள். எல்லாம் பென்டியம் 4, 1 ஜிபி ரெம். புதிய விண்டோஸ் இவற்றில் ஓடாது. அதனால் டெபியன் 12 லினக்ஸின் 32 பிட் பதிப்பை, தேவையில்லாத எதையும் சேர்க்காமல் போட்டு வைத்திருக்கிறோம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் அப்படியொரு மின்னல் டெலிபோன் வயர் வழியாக வந்து, நான்கு கொம்பியூட்டர்களின் நெட்வேர்க் போர்ட்டை எரித்துவிட்டுப் போனது. மற்றதெல்லாம் நன்றாகவே வேலை செய்தது.

"வருடக் கடைசிக் கணக்கெடுப்பில் அந்த நாலையும் கழித்துவிடுவோம்" என்றார் அதிபர். கழித்தால் பதிலுக்கு வேறு வரும் என்று யாரும் சொல்லவில்லை. தரம் 11இல் 31 பிள்ளைகள். மிச்சம் ஐந்து கொம்பியூட்டர். ஒன்றுக்கு ஆறு பேர் என்றால், ஒருவர் கையில் கீபோர்ட், மற்ற ஐந்து பேரும் பார்வையாளர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மாதக்கணக்குத்தான் இருந்தது.

பழைய சாமான் கடையில் நான்கு நெட்வேர்க் கார்ட் வாங்கினோம், ஒன்று 500 ரூபா. ரியல்டெக் ஆர்டிஎல்8139 சிப். சிப்பின் மேல் சின்னதாக ஒரு நண்டுப் படம் இருக்கும், அதுதான் அடையாளம். வேகம் 100 மெகாபிட்தான். ஆனால் இதற்கான 8139டூ என்ற டிரைவர் லினக்ஸ் கர்னலோடு சேர்ந்தே வருகிறது, தனியாக டவுன்லோட் செய்யத் தேவையில்லை. நெட் இல்லாத மெஷினுக்கு நெட்டிலிருந்து டிரைவர் எடுக்கச் சொன்னால் எங்கே போவது?

முதல் நாள் பாடசாலை விட்டு, ளுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். நான்கு பிள்ளைகளும் எங்களோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர் அந்த வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். பக்கத்துப் பிள்ளை தட்டினால்தான் எழும்புவார். காது மந்தமோ, கவனமில்லாத பிள்ளையோ என்று ஸ்டாஃப் ரூமில் நாங்களே பேசியிருக்கிறோம்.

கார்டைப் பொருத்தி, எல்-எஸ்-பி-சி-ஐ என்று டைப் செய்து பார்த்தோம். மெஷினுக்குள் என்னென்ன கார்ட் இருக்கிறது என்று காட்டும் கொமாண்ட் அது. எங்கள் கார்ட் அதில் இல்லை. கழற்றிப் பார்த்தால், கீழே பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் கறுத்துக் கிடந்தன. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி மீண்டும் பொருத்தினோம். இப்போது பட்டியலில் வந்தது. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

இரண்டாம் நாள், எங்கள் பழைய கொப்பியில் இருந்தபடி இன்டர்ஃபேசஸ் என்ற ஃபைலில் ஐபி முகவரியை எழுதினோம். கார்டின் பெயர் ஈத்0. வருடக்கணக்காக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறோம். ஓன் பண்ணினால், "ஈத்0 என்று ஒன்று இல்லை" என்றது. கார்டை மாற்றினோம், அதே பதில். கேபிளை மாற்றினோம், அதே பதில். நான்கு கார்டும் பழுதென்று முடிவெடுத்து, கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனோம்.

மூன்றாம் நாள் கடைசி முயற்சியாக, ரூட் ஆக நுழைந்து டி-எம்-ஈ-எஸ்-ஜி கொமாண்டைக் கொடுத்தோம். மெஷின் எழும்பும்போது கர்னல் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. நாங்கள் "எரர்" என்ற சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருந்தோம். அந்தப் புதுப் பிள்ளை ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்து சொன்னார்:

"சேர், இதுட பேர மாத்தியிரிக்கி எண்டு போட்டிரிக்கி."

உண்மைதான். ஈத்0 என்று இருந்தது ஈஎன்பி5எஸ்1 என்று பெயர் மாற்றப்பட்டதாக ஒரு வரி. கார்ட் முதல் நாளே விழித்துக்கொண்டுவிட்டது. நாங்கள்தான் இல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு தேடிப் படித்தோம். முன்பெல்லாம் கண்ணில் பட்ட ஒழுங்கில் ஈத்0, ஈத்1 என்று பெயர் கிடைக்கும். இரண்டு கார்ட் இருந்தால், ஒரு தடவை ஓஃப் பண்ணி ஓன் பண்ணும்போது பெயர்கள் இடம் மாறிவிடலாம். அதைத் தவிர்க்க, 2013இல் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பிலிருந்து கார்ட் இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டும் முறை வந்தது. டெபியனில் அது 2017இல் வெளியான 9ஆம் பதிப்போடு வழக்கமானது. ஈஎன் என்றால் ஈதர்நெட், பி5 என்றால் ஐந்தாவது பிசிஐ பஸ், எஸ்1 என்றால் அதில் முதலாம் ஸ்லொட். மற்ற ஐந்து மெஷினிலும் இன்ஸ்டோல் செய்யும்போதே பெயர் சரியாக எழுதப்பட்டுவிட்டதால், நாங்கள் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

ஃபைலில் பெயரைத் திருத்தினோம். பிங் போட்டதும் ரவுட்டரிலிருந்து பதில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வோச்சர் ஓடி வந்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி நடந்தால்: முதலில் எல்-எஸ்-பி-சி-ஐ. அதில் கார்ட் இல்லையென்றால் பற்களைத் துடையுங்கள். இருந்தால் "ஐபி லிங்க்" என்று கொடுத்து, அதன் இப்போதைய பெயர் என்னவென்று பாருங்கள். கார்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றினால் பெயரும் மாறும், எங்களுக்கு அடுத்த மெஷினில் எஸ்2 ஆகிவிட்டது. கர்னல் வரியில் "நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0" என்று சேர்த்துப் பழைய பெயருக்கே திருப்பவும் வழியுண்டு. நாங்கள் அதைச் செய்யவில்லை.

ஒரு கிழமை கழித்து, அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்ப அந்தப் பிள்ளையின் உம்மா வந்தார். மகன் மைதானத்தின் அந்தக் கரையில் நின்றார். உம்மா கேற்றில் நின்றபடி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. பிள்ளை உடனே திரும்பி ஓடி வந்தார். அந்தப் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் இல்லை, எங்கள் இடாப்பிலும் இல்லை.

கேட்டோம். பதிவில் வைத்தது வாப்பாவின் வாப்பாவுடைய பெயராம். மாமனாரின் பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவது என்று, பிறந்த நாளிலிருந்தே உம்மா வேறு பெயரில் கூப்பிட்டிருக்கிறார். ஊரும் பழைய பாடசாலையும் அதே பெயரில்தான். இங்கே வந்த பிறகுதான், எட்டு மாதமாக, அந்தப் பெயரில் யாரும் கூப்பிடவில்லை.

இப்போது ஒன்பது கொம்பியூட்டரும் ஓடுகின்றன. விண்ணப்பங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் போகும், அதை மாற்ற முடியாது. ஆனால் வரவு இடாப்பின் ஓரத்தில் பென்சிலால் வீட்டுப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம். வகுப்பில் எல்லோரிடமும் கேட்டதில் இன்னும் ஏழு பேருக்கு அப்படி இருந்தது. உங்கள் வகுப்பிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.