விதைநெல்லும் மின்கலமும்

பசி எவ்வளவு கொடியதாயினும் விதைநெல்லில் கைவைத்தல் ஆகாது என்பது உழவர் குடியின் எழுதாச் சட்டம். உண்ணும் நெல்லும் விதைக்கும் நெல்லும் ஒரே வயலில் விளைந்தவையே. ஒரே களத்தில் தூற்றப்பட்டவையே. ஆயினும் ஒன்று இன்றைக்கு உரியது, மற்றொன்று நாளைக்கு உரியது என்னும் வேறுபாட்டை உணர்ந்த நாளிலேயே மனிதன் உழவனானான் எனலாம். இவ்வறம் வயலோடு முடிந்துவிடவில்லை. மலைநாட்டுப் பாதைகளில் ஓடும் நாற்சில்லு உந்து ஜீப் வண்டி ஒன்றின் முன்மூடியைத் திறந்து பார்ப்போருக்கு, ஈயத் தகடுகளும் செப்புக் கம்பிகளும் அதே சட்டத்தைக் காத்து நிற்பது புலனாகும்.

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதி தெல்தெனிய, மெதமகாநுவர ஆகிய ஊர்களைக் கடந்து ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 இல் சிறைப்பிடிக்கப்பட்டது இம்மெதமகாநுவரப் பகுதியிலேயாகும். ஹுன்னஸ்கிரியச் சந்தியில் வழி பிரிகின்றது. நெடுவீதி உடுதும்பறையைத் தாண்டிப் புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளில் இறங்கி ஹசலக்கைச் சமவெளியைச் சேர்கின்றது. கிளைவழியோ லூல்வத்தையையும் கோபெட் கணவாயையும் ஊடறுத்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியிலுள்ள மீமுரேக் கிராமத்திற்குச் செல்கின்றது. 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு கூறு இம்மலைத்தொடர். மூடுபனியும் மழையும் அட்டையும் நிறைந்த இக்கிளைவழியில் வண்டி என்பது ஆடம்பரமன்று. கைகால் போன்றதோர் உறுப்பு.

இச்சந்தியை நம்பிப் பிழைக்கும் சாரதி ஒருவர் இருந்தார். தோட்ட லொறி ஓட்டியவரின் மகன். தந்தையின் காலத்தில் கொழுந்து ஏற்றிய அதே லொறியே நோயாளரையும் ஏற்றியது. மகனின் காலத்தில் சுற்றுலாப் பயணியரை ஏற்றிய அதே ஜீப் நோயாளரையும் ஏற்றிற்று. பயணியர் காட்டோரம் கூடாரமடித்துத் தங்கும் இரவுகளில், விளக்கெரிக்கவும் கைபேசிகளுக்கு மின்னேற்றவும் சிறு குளிர்பெட்டியை இயக்கவும் வண்டியின் மின்கலமே உதவியது. கிராமத்தில் சாவு வீடு நேர்ந்தால் அங்கும் அவ்வண்டியின் விளக்கே முற்றத்தில் ஒளி பரப்பும். கேட்போர்க்கு இல்லையென்று சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

அத்தகைய சாவு வீடொன்றில் முன்விளக்குகள் இரண்டும் நள்ளிரவு கடந்தும் எரிந்தன. விடியுமுன் அயல்வீட்டுக் குழந்தையொன்றுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்புக் கண்டது. தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். சாரதி திறப்பைத் திருப்பினார். இயந்திரம் ஒருமுறை முனகி அடங்கியது. வழக்கமாக அவர் வண்டியைச் சரிவை நோக்கியே நிறுத்துவார். மின்கலம் தளர்ந்த வண்டியைத் தள்ளி உயிர்ப்பிக்க மலைநாட்டுச் சாரதியர் கைக்கொள்ளும் முன்னெச்சரிக்கை அது. அன்றோ முற்றத்திற்கு ஒளி விழவேண்டுமென்று சமதரையில் நிறுத்தியிருந்தார். ஆட்களைத் திரட்டி, சேற்றில் தள்ளி, சரிவுவரை கொண்டு சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் கழிந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. யாரும் அவரைக் குறைகூறவில்லை. குறைகூறாமையே அவரை வருத்திற்று.

நிகழ்ந்தது யாது? கணக்கு எளியது. 60 வாற்று விளக்கு இரண்டு, 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து 10 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். ஆறு மணி நேரத்தில் 60 அம்பியர் மணி செலவாகும். 70 அம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலத்தில் எஞ்சுவது அற்பமே. இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் மோட்டாரோ சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை ஒருங்கே வேண்டும். சிறுகச் சிறுக ஈந்து வறியவனானவனிடம் பெருங்கொடை கேட்பது போன்றது அது. மேலும், 1859 இல் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆக்கிய ஈய அமிலக் கலத்தின் வழிவந்த இவ்வகை மின்கலங்கள், முற்றாக வெறுமையாவதைப் பொறா. வெறுமையாகிக் கிடக்குந்தோறும் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்து, கொள்ளளவு மீளாவண்ணம் குறைந்து செல்லும்.

தீர்வு இரண்டாவது மின்கலமாகும். ஆனால் இரண்டையும் வெறுமனே இணைத்துவிட்டால் இரண்டும் ஒருங்கே வறியனவாகும்; களஞ்சியம் பெரிதானதன்றி விதைநெல் தனித்து வைக்கப்படவில்லை. இயந்திரம் ஓடும்போது இரண்டும் சேர்ந்து மின்னேற்றம் பெறவேண்டும். ஓயும்போது தாமாகவே பிரியவேண்டும். இவ்விருபணியையும் ஆற்றும் கருவியே பிரிப்பான். இக்கருத்துப் புதியதன்று. டைனமோ பூட்டிய பழைய வண்டிகளிலும், இயந்திரம் ஓய்ந்தபின் மின்கலத்தின் ஆற்றல் டைனமோவுக்குள் திரும்பி வழிந்து வீணாகாது தடுக்கும் வெட்டாளி ஒன்று இருந்தது.

பிரிப்பான் பலவகைப்படும். கையால் திருப்பும் ஆளி மலிவானது. மறதி என்னும் பகை அதற்குண்டு. இருவாயிகளால் ஆனது அசையும் உறுப்பற்றது; ஆயினும் சாதாரண சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.7 வோல்ற்றைத் தானே விழுங்கிவிடுவதால் மின்கலம் நிறைவாக ஏற்றம் பெறாது. மூன்றாம் வகை மின்னழுத்தத்தை அறிந்து இயங்குவது. ஓய்ந்திருக்கும் நிறைமின்கலம் 12.6 வோல்ற்று அளவில் நிற்கும். மின்பிறப்பாக்கி சுழலும்போது அது 14 வோல்ற்றை அண்மும். 13.3 வோல்ற்றுக்கு அண்மையில் இணைத்து, 12.8 வோல்ற்றுக்கு அண்மையில் பிரிக்கும் வண்ணம் இவ்வகைப் பிரிப்பான்கள் பொதுவாக அமைக்கப்படுகின்றன. அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கும் கதவு எனலாம்.

கருவியை வாங்குவது எளிது. கம்பியிடுவதிலேயே தொழிலறிவு வெளிப்படும். கம்பியிட்டுக் கொடுத்த சிங்களத் தொழிலாளியை எல்லாரும் 'பாஸ்' என்றே அழைப்பர். அவர் முதலில் நோக்கியது மின்கலத்தின் எம்முனை சட்டத்துடன் தொடுக்கப்பட்டுள்ளது என்பதையே. 1960 களின் பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே சட்டத்துடன் தொடுக்கப்பட்டிருந்தது. அதனை அறியாது கைவைப்பின் கருவி கருகிவிடும். எதிர்முனையைச் சட்டத்துடன் தொடுத்த வண்டி அது என்று தெளிந்தபின் அதனை முதலிற் கழற்றினார். வேலை முடிந்தபின் இறுதியிற் பூட்டினார். நேர்முனையில் வைத்த சாவி தவறி உடற்தகட்டில் பட்டாலும் பொறி பறவாதிருக்கும் வழி அதுவே.

சாரதி மெல்லிய கம்பியொன்றை வாங்கி வந்திருந்தார். பாஸ் அதனை விரலிடையில் உருட்டிப் பார்த்து, "இது வேணாம் தம்பி, தடிச்ச வயர் கொண்டு வாங்க" என்றார். அவர் கையால் உணர்ந்ததைக் கணக்காலும் காட்டலாம். 6 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி 5 மீற்றர் ஓடுமாயின், 50 அம்பியரில் ஏறத்தாழ 0.7 வோல்ற்று இழக்கும். இருவாயியைத் தவிர்த்துப் பெற்ற பயன் அத்தனையும் கம்பியிலேயே தொலைந்துவிடும். 16 சதுர மில்லிமீற்றராயின் இழப்பு 0.3 வோல்ற்றுக்கு உட்படும்.

உருகி ஒன்று போதாதா என்று சாரதி கேட்டார். இரண்டு மின்கலங்களை இணைக்கும் கம்பியின் இரு முனைகளிலும் உயிர் உண்டு. இடையில் எங்கு உரசித் தோல் கிழிந்தாலும் இருபுறமிருந்தும் மின்னோட்டம் பாயும். ஆதலின் ஒவ்வொரு மின்கலத்தின் நேர்முனைக்கும் மிக அண்மையில் ஓர் உருகி வேண்டும். 12 வோல்ற்று மனிதனை உலுக்காது. ஆனால் குறுஞ்சுற்று நேர்ந்தால் கம்பியைச் செந்தணலாக்கி வண்டியையே எரித்துவிடும். கல்லும் குழியும் நிறைந்த வழியில் ஓயாது அதிரும் வண்டிக்கு இவ்வச்சம் மிகை. தகட்டைத் துளைத்துக் கம்பி நுழையுமிடத்தில் இறப்பர் வளையம் இட்டதும், புவித்தொடுப்புக்காக வர்ணத்தைச் சுரண்டிச் சட்டத்தின் இரும்பை வெளிப்படுத்தியதும், பூட்டியபின் ஈரம் படாதிருக்கக் கிறீஸ் பூசியதும் இதனாலேயே.

இம்முறைக்கும் எல்லையுண்டு. அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு மின்பிறப்பாக்கியின் அழுத்தத்தைக் கணினி ஏற்றியும் இறக்கியும் வைப்பதால், அழுத்தமறிந்து இயங்கும் பிரிப்பான் ஏமாந்துபோகும். அவற்றிற்கு வேறுவகை மின்னேற்றி தேவைப்படுகின்றது. எனினும் 2020 முதல் 2025 தொடக்கம்வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில், மலைப்பாதைகளைப் பழைய ஜீப்புகளே தாங்கி நின்றன. அவற்றிற்கு இவ்வெளிய கருவியே ஏற்றது.

இரண்டாவது மின்கலத்தின் விலை அச்சாரதியின் குடும்பத்திற்குச் சிறியதன்று. 2022 நெருக்கடியின் பின் உதிரிப்பாகங்களின் விலை ஏறியிருந்த காலம் வேறு. ஆயின் இச்செலவின் பயன் யாருக்குரியது? பயணியரின் விளக்கு எரிவது அவர்தம் வருவாய்க்கு உதவும், மெய்தான். ஆனால் விடியற்காலையில் அவ்வண்டி ஐயமின்றி உயிர்க்கும் என்னும் உறுதி, அம்மலைச்சரிவில் வாழும் அனைவர்க்கும் பொதுவானது. மலையடிவாரத்தில் 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 210 மெகாவாற்று மின்வலுவை ஆக்கவல்லது. பழைய தெல்தெனிய நகரை நீருள் ஆழ்த்தி எழுந்தது அது. அத்தகைய பேராற்றலின் அயலிலே, ஒரு குழந்தையின் உயிர் 12 வோல்ற்றின் கையிருப்பில் தங்கியிருக்க நேர்ந்தது என்பதும், அக்கையிருப்பை ஓர் ஏழை தன் பணத்தால் பேணவேண்டியிருந்தது என்பதும் எண்ணற்பாலன. நல்ல பாதையும் அண்மையில் மருத்துவமும் வாய்க்கும்வரை பொதுக்கடமை தனிமனிதர் தோளிலேயே தங்கும்.

விதைநெல்லுக்கும் மின்கலத்திற்கும் வேறுபாடு ஒன்றுண்டு. விதைநெல்லைக் காப்பது மன உறுதி. மின்கலத்தைக் காப்பது பசியறியாத ஒரு கருவி. இரக்கமுடையவனுக்கே கருவியின் துணை மிகுதியும் வேண்டப்படுகின்றது. இல்லையென்று சொல்ல அவனது நா எழாது. இப்போது சாவு வீட்டு முற்றத்தில் அவ்வண்டியின் விளக்கு முன்போலவே எரிகின்றது. இரண்டாவது மின்கலம் தீர்ந்தால் விளக்கு அணையும், அவ்வளவே. வண்டி சமதரையிலும் நிற்கலாம்.