கொட்டையை ஒட்டிய சதை

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. ஜூன் மாதம். காலை ஏழு மணிக்கே தொரட்டிகள் கிளைகளுக்குள் நுழைந்துவிட்டன. பறித்த காய்களைக் காம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார்கள். பால் தோலில் வழிந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். மண்டியில் விலை விழும்.

எந்த ரகத்தின் சதை எதற்கு ஆகும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். (பழம் தின்னவும்தான்.) கையில் இரவல் வாங்கிய பழைய ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடியில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு பிரிக்ஸ் அளவைக் காட்டும். கரைந்திருக்கும் சர்க்கரைக்கு அது ஏறக்குறைய ஒரு கணக்கு.

முதல் பழத்திலேயே சறுக்கினேன். தோலோரம் கீறிப் பிழிந்தேன். அளவு ஒன்பதைத் தாண்டவில்லை. தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

"அது இன்னும் பழுக்கலயே தம்பி. கொட்டைய ஒட்டி வெட்டிப் பாருங்க."

வெட்டினேன். தோல் பக்கம் வெளுப்பு, கொட்டைப் பக்கம் மஞ்சள். மாம்பழம் உள்ளிருந்துதான் வெளியே பழுத்துவருகிறது; மாவுச்சத்து சர்க்கரையாவதும் அந்த வரிசையில்தான். போதாக்குறைக்கு, அந்தக் கருவி 20 டிகிரி வெப்பத்துக்கென்று அளவு வைக்கப்பட்டது. தேனி வெயிலில் சூடேறிய சாற்றில் குறைவாகவே காட்டும். திருத்தம் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அக்காவிடம் கருவி எதுவும் இல்லை. காம்படியில் தோள் புடைத்திருக்கிறதா என்று கட்டைவிரல் தடவிப் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு வாளித் தண்ணீர்: முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும்.

பழுத்தவற்றை ஒவ்வொன்றாக அறுத்தோம். இமாம்பசந்தில் அளவு இருபதைத் தொட்டது. நாரில்லை, தோலும் மெல்லிசு. ஆனால் அந்த விலைக்கு வாங்கி யார் கூழாக்குவார்கள்? நீலத்தில் வேறு தொல்லை. வெளியே ஒரு துளைகூட இருக்காது, கொட்டைக்குள் வண்டு உட்கார்ந்திருக்கும். பிஞ்சிலேயே புழு புகுந்துவிடும், காய் பெருக்கும்போது வழி மூடிக்கொள்ளும். அப்படியும் நீலத்தை யாரும் விட்டுவிடவில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகம் சின்ன சுவர்ணரேகாவோடு நீலத்தைச் சேர்த்து உண்டானது. வருஷம் தவறாமல் காய்க்கிற குணத்துக்கு ஆசைப்படாத ஒட்டுக்காரர் உண்டா?

கல்லாமைதான் என்னை யோசிக்க வைத்தது. வடக்கே கிளிமூக்கு என்றும், பெங்களூரா என்றும் சொல்கிற அதே காய். தின்பவர்கள் அதை மதிப்பதில்லை. அளவு பதினைந்தில் நின்றது, மணமும் மந்தம். ஆனால் கூழ் ஆலைக்கு 14 பிரிக்ஸ் போதும். பெரிய காய், கொத்துக்கொத்தாய்க் காய்க்கும், விலை குறைவு, சதை நிறைய. அந்த இலேசான புளிப்பு கூழ் கெடாமலிருக்கவும் உதவுகிறது. நிறமும் மணமும் குறைந்தால் அல்போன்சாக் கூழைக் கலந்து சரிக்கட்டுவார்கள். அல்போன்சாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வெளியே பொன்னாக இருந்து, உள்ளே கொட்டையோரம் பஞ்சுபோல வெளிறிக் கிடப்பதும் உண்டு. கத்தி வைக்கும்வரை அது தெரியாது; சாறெடுத்துப் பார்க்கும் என் கருவி மொத்தப் பழத்துக்கும் நற்சான்று கொடுத்திருக்கும். நாம் குடிக்கும் மாம்பழ பானத்தில் பெரும்பாலும் இருப்பது நாம் சந்தையில் ஒதுக்கிவிட்டு வரும் பழம்தான் என்பதை எண்ணிக்கொண்டேன்.

பத்தரைக்கு லாரி வந்தது. கல்லாமை கிரேட் கிரேட்டாக ஏறியது. அக்காவின் கூடையில் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த நாலைந்து பழங்களை எட்டிப் பார்த்தேன். எல்லாம் காசா ரகம். தோலில் பால்கறை பட்டவை.

"கறையத் தின்னப்போறமா தம்பி?" என்று ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.