வீடு சரியில்லையா?

‘வீடு சரியில்லை’ என்ற இரண்டு சொற்களைக் கேளாத ஆசிரியர் ஓய்வறை எங்கள் நாட்டிலே இராது. வகுப்பிலே தூங்கும் மாணவன், கொப்பி கொண்டுவராத மாணவி, காரணமின்றிச் சண்டைக்கு எழும் சிறுவன் ஆகிய எல்லோரைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இந்த முடிவிலேயே வந்து நிற்கின்றது. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற பழமொழியையும் யாரேனும் ஒருவர் அதன்மேல் வைத்துவிட்டால் விசாரணை முற்றுப்பெறுகின்றது. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை ஆராய்வது பிள்ளைகளின் நல்வாழ்விலே அக்கறை கொண்ட எவருக்கும் கடமையாகும்.

நான் தமிழ் கற்பிப்பவன்; உளவியல் எனது துறையன்று. ஆயினும் பத்து ஆண்டுகளாகக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி வருபவன் என்ற முறையிலே இவ்விடயம் என்னை விட்டு நீங்கியதில்லை. ‘எனது குடும்பம்’ என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பிற் பாதிப் பேர் ஒரே வீட்டையே எழுதுவர். அப்பா மாலையிலே பழங்களுடன் திரும்புவார். அம்மா இன்முகத்துடன் உணவு பரிமாறுவார். அம்மம்மா கதை சொல்லுவார். எழுதியவர்களுட் சிலரின் தாயார் குவைத்திலே பிறருடைய சமையலறையிலே நிற்கிறார் என்பதும், சிலரின் தந்தையார் மாதத்திற்கு ஒருமுறைதான் வீட்டைக் காண்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் பொய் எழுதுகிறார்கள் என்று நான் கருதவில்லை. தமது வீட்டைப் பற்றி ஊர் என்ன சொல்கின்றது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே புள்ளி பெறக்கூடிய வீடொன்றை எழுதித் தருகிறார்கள். அந்தக் கொப்பிகளே இத்துறை நூல்களின் பக்கம் என்னைத் திருப்பின.

நான் படித்தவற்றுள் முதலிற் குறிப்பிடத்தக்கது பிரித்தானிய மனநல மருத்துவர் மைக்கல் றட்டரின் ஆய்வாகும். 1960களிலே வைற் தீவிலும், பின்னர் இலண்டன் மாநகரின் உட்பகுதியொன்றிலும், பத்து வயதுப் பிள்ளைகளை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். மனநலக் கோளாறுகள் தீவிலும் பார்க்க மாநகரிலே ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டன. குடும்ப இன்னல்கள் என அவர் ஆறினைக் கணக்கிட்டார்: பெற்றோரிடையே கடும் பிணக்கு, தாழ்ந்த சமூகநிலை, பிள்ளைகள் மிகுந்த நெருக்கமான வீடு, தந்தை குற்றச் செயலில் ஈடுபட்டமை, தாயின் மனநோய், பிள்ளை பிறரது பராமரிப்பிலே விடப்பட்டமை. இவற்றுள் ஏதேனும் ஒன்று தனித்து இருந்தபோது, இன்னல் எதுவுமற்ற பிள்ளையிலும் பார்க்க அப்பிள்ளைக்கு ஆபத்து அதிகரிக்கவில்லை. இரண்டு சேர்ந்தபோது ஆபத்து நான்கு மடங்காயிற்று. அதற்கு மேலும் சேர்ந்தபோது அது இன்னும் ஏறியது.

பிள்ளையைச் சாய்ப்பது ஒரு துன்பமன்று, துன்பங்களின் கூட்டு என்பதே இதன் பொருள். அக்கூட்டு எல்லா வீடுகளிலும் சமமாகக் கூடுவதில்லை. வேலை போன வீட்டிலே, கடன் ஏறிய வீட்டிலே, ஒரு துன்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வருகின்றது. குடிக்கின்ற தந்தை வசதி படைத்த வீட்டிலும் உண்டு. ஆனால் அங்கே பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ள இன்னோர் அறையும் உண்டு. மறுநாட் காலையிலே உணவும் உண்டு.

இரண்டாவது ஆய்வு, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயிலே நடைபெற்றது. கரும்பு, அன்னாசித் தோட்டங்களிலே உழைக்க வந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள் நிறைந்த தீவு அது. அங்கே 1955 இற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர், ரூத் ஸ்மித் ஆகியோர் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தனர். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வறுமை, பிறப்புக் காலச் சிக்கல், பெற்றோரின் பிணக்கு, நோய் எனப் பல இன்னல்களை இரண்டு வயதுக்குள்ளேயே சந்தித்தவர்கள். அவர்களுள் மூன்றிலிரண்டு பங்கினர் பதினெட்டு வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கலுக்கு உள்ளாயினர். எஞ்சிய 72 பேர் திறமையும் நம்பிக்கையும் கொண்ட இளைஞராக வளர்ந்தனர்.

உலகம் இந்த 72 பேரிலே மோகம் கொண்டது. ‘மீளுந்திறன்’ என்ற சொல் அதன்பின் பெரு வழக்காயிற்று. எங்கள் பரிசளிப்பு விழா மேடைகளிலே இதற்குப் பழைய பெயரொன்று உண்டு: சேற்றிலே பூத்த செந்தாமரை. ஏழ்மையிலும் சாதனை படைத்த ஒரு பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதே மூச்சிலே, பூக்காத ஏனையோரைப் பார்த்து ‘அவளால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது?’ என்று கேட்கிறோம். சேற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தாமரையைப் புகழ்வது சேற்றை மன்னிப்பதற்கு வழியாகிவிடுகின்றது.

ஆனால் வேர்னரின் ஆய்வு சொல்வது வேறு. அந்த 72 பேருக்கும் தம்மை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது கிடைத்திருந்தார். அவர் பாட்டியாகவோ, சிறியதாயாகவோ, அயலவராகவோ, ஆசிரியராகவோ இருந்தார். அதாவது மீளுந்திறன் என்பது பிள்ளையின் உடம்புக்குள்ளே மட்டும் இருக்கும் சரக்கன்று. பிறருடைய கைகளிலும் இருப்பது. பதினெட்டு வயதிலே தடம் புரண்டவர்களுட் பெரும்பாலோர் முப்பதுகளிலே வாழ்வைச் சீராக்கிக்கொண்டனர் என்பதும் அதே ஆய்வின் முடிவாகும். வளர்ந்தோர் கல்வி, தொழில், நல்ல துணை எனக் கதவுகள் சில திறந்திருந்தன. அவர்கள் உள்ளே நுழைந்தனர். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று எங்கள் ஓய்வறையிலே கேட்போருக்குக் கவாய்த் தீவு விடை கூறியிருக்கின்றது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. வறுமை குடும்பத்தைக் குலைக்கின்றதா, அன்றேல் குலைந்த குடும்பங்களே வறுமையில் வீழ்கின்றனவா? வசதியுள்ளோர் இரண்டாவதையே நம்ப விரும்புவர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே 1993 இல் ஜேன் கொஸ்ரெல்லோ குழுவினர் தொடங்கிய ஆய்வு, எதிர்பாராத வகையிலே இவ்வையத்தைத் தீர்க்க உதவிற்று. அவர்கள் ஆண்டுதோறும் கண்டுவந்த 1,420 பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் செரொக்கிப் பழங்குடியினர். ஆய்வின் நடுவே அப்பழங்குடியினரின் நிலத்திலே சூதாட்ட விடுதி ஒன்று தொடங்கிற்று. அதன் இலாபத்திலே ஒரு பங்கு பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. பெற்றோருக்கு எவரும் அறிவுரை கூறவில்லை, ஒழுக்கம் போதிக்கவில்லை. பணம் மட்டுமே வந்தது. வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டு நடத்தையும் கீழ்ப்படியாமையும், என்றும் ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்தன என 2003 இலே வெளிவந்த அறிக்கை கூறிற்று. காரணம் என்ன? பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. பதகளிப்பும் மனச்சோர்வும் அவ்வாறு குறையவில்லை என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும். பணம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஆனால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று நாம் ஏசுகின்ற வளர்ப்பு, கூலியோடும் நேரத்தோடும் பிணைந்தது என்பது இங்கே தெளிவாகின்றது.

இதனை வேற்று நாட்டுக் கதை என்று ஒதுக்க எங்களால் முடியாது. எங்கள் வடக்கு கிழக்கிலே 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008 இலே வெளிவந்தது. போர், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, வீட்டு வன்முறை ஆகிய மூன்றையும் அது ஒருங்கே ஆராய்ந்தது. 82.4 வீதமான பிள்ளைகள் போர் அனுபவம் ஒன்றையேனும் பெற்றிருந்தனர். 95.6 வீதமானோர் வீட்டிலே ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலைக் கண்டிருந்தனர். தந்தையின் குடியும் முன்னர் பட்ட போர் அனுபவமும் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு வீட்டுத் துன்புறுத்தலும் மிகுதியாயிருந்தது. போர் வீதியிலே நடந்தது என்று நாம் நினைத்திருந்தோம். அது படலையைத் திறந்து வீட்டினுள்ளும் வந்திருந்தது. 2009 இலே துவக்குகள் ஓய்ந்தன. வீட்டினுள் வந்தது தானாக வெளியேறிவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

அரசும் வீட்டையே குற்றவாளியாக்கிய வரலாறு உண்டு. வெளிநாட்டுக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மார் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ சமர்ப்பிக்கவேண்டும் என்ற விதி 2013 இலே கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் செல்வது தடுக்கப்பட்டது. பிள்ளையின் நலனே காரணம் என்றனர். 2022 இலே அந்நியச் செலாவணி வரண்டபோது அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகளிலே பிள்ளையின் மனம் மாறிவிடவில்லை. மாறியது திறைசேரியின் நிலை. தாய் ஏன் போகவேண்டியிருந்தது என்ற வினா இரண்டு வேளையிலும் கேட்கப்படவில்லை.

சமுதாயம் மாறும்வரை ஆசிரியன் கைகட்டி நிற்பதா என்று இளம் நண்பர்கள் கேட்கலாம். இல்லை. இலண்டனிலே பன்னிரண்டு இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து றட்டர் குழுவினர் 1979 இலே வெளியிட்ட ‘பதினையாயிரம் மணித்தியாலங்கள்’ என்ற நூல் இதற்கு விடை தருகின்றது. பிள்ளையொன்று ஐந்து வயது முதல் பதினாறு வயதுவரை பாடசாலையிலே கழிக்கும் நேரமே அத்தலைப்பு. சேரும்போது மாணவரிடையே இருந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தாலும், வரவிலும் நடத்தையிலும் பரீட்சைப் பெறுபேற்றிலும் பாடசாலைகள் தம்முள் வேறுபட்டன. அவ்வேறுபாட்டைக் கட்டடங்கள் விளக்கவில்லை. பாடம் நேரத்துக்குத் தொடங்கியமை, வேலை திருத்தப்பட்டமை, நல்லது செய்தபோது பாராட்டியமை, மாணவரிடம் பொறுப்பு ஒப்படைத்தமை போன்றவையே விளக்கின. இவற்றுக்கு வெளிநாட்டு நிதியுதவி வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த பாடசாலையிலே, பதினோராந் தரத்து மாணவியொருத்தி மூன்று வாரங்கள் வரவில்லை. தாய் வெளிநாட்டிலே, தந்தை மணல் ஏற்றும் கூலியாள். இடாப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் சாதாரண தரச் சித்தி வீதம் உயரும் என்று கூட்டத்திலே பேசப்பட்டது. வீடு சரியில்லை என்ற காரணமும் தவறாது வந்தது. வகுப்பாசிரியையும் நானும் அவள் வீட்டுக்குச் சென்றோம். “தம்பியைத் தனிய விட்டிட்டு வர ஏலாது, சேர்” என்றாள். காய்ச்சலிலிருந்து எழுந்த நான்கு வயதுத் தம்பி திண்ணையிலே இருந்தான். தந்தை தலையைக் குனிந்து நின்றார். அயல்வீட்டுப் பெண்மணியோடு பேசினோம். முன்பள்ளி ஆசிரியையோடு பேசினோம். தம்பியை முன்பள்ளியிலே விட்டுவிட்டு முதற்பாடம் முடிய வருவதற்கு அவளுக்கு அனுமதி வேண்டினோம். நீண்ட விவாதத்தின் பின் அனுமதி கிடைத்தது. பெயரும் இடாப்பிலே நின்றது.

அவள் செந்தாமரையாகப் பூத்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. பரீட்சைக்குத் தோற்றினாள், கணிதத்தைத் தவறவிட்டாள், மறுமுறை தோற்றிச் சாதாரண சித்தி பெற்றாள். அவளுக்குப் பொன்னாடை எவரும் போர்த்தவில்லை. அது தேவையுமில்லை. சாதாரணப் பிள்ளை சாதாரணமாக வளர்வதற்குச் சாதனை வேண்டியிராத சமுதாயமே நாம் வேண்டுவது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் கூறவிரும்புவது இதுவே. ‘வீடு சரியில்லை’ என்பதை முடிவுரையாகக் கொள்ளாது முதல் வினாவாகக் கொள்வோம். அந்த வீட்டிலே எத்தனை இன்னல்கள் சேர்ந்திருக்கின்றன, அவற்றுள் இன்றே எங்கள் கையால் எடுக்கக்கூடியது எது, கூலியையும் வேலையையும் நிலத்தையும் பற்றிய போராட்டத்தினால் மட்டுமே எடுக்கக்கூடியது எது என்று பிரித்தறிவோம். முன்னையதைச் செய்யாது பின்னையதைப் பேசுவது வெறும் மேடைப் பேச்சு. பின்னையதை மறந்து முன்னையதை மட்டும் செய்வது காயத்துக்குக் கட்டுப் போட்டு, கத்தியைப் பிடித்த கையை விட்டுவிடுவதாகும். பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.